எம் தந்தையாரின் க்ஷவரக் கருவி

இம்மலரின் தமிழ்ப் பகுதியைப் புரட்டுவோர் இலக்கிய ஆராய்ச்சியையோ, யாத்திரை வரலாற்றையோ, பழைய மாணவர் ஒருவரின் நினைவுக் குறிப்பையோ எதிர்நோக்குவர். அவ்விடத்தே க்ஷவரக் கத்தியைப் பற்றி எழுதப் புகுந்த எம்மைக் கண்டு வாசகர் நகைப்பாராயின், அந்நகைப்பு நியாயமானதே. இக்கல்லூரியிற் பௌதிகம் பயின்று, பின்னர் இங்கேயே அதனைப் பயிற்றி, இருபத்தாறு ஆண்டுகளாக மாணாக்கருக்கு வெர்னியர் அளவுகோலைப் பிடிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்துவந்த யாம், ஒரு மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு பங்கு என்பது எத்துணைப் பெரிய தூரம் என்பதை எம் தந்தையாரின் கன்னத்திலேதான் கற்றோம். அவ்வரலாற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

எம் தந்தையார் 1965ஆம் ஆண்டில் தாலுகா அலுவலகத்திற் குமாஸ்தாவாக அமர்ந்தார். அவ்வமயம் பினாங்கில் வியாபாரஞ் செய்துவந்த எம் பெரியப்பா, தம்பிக்கு உத்தியோகம் ஆயிற்று என்னும் மகிழ்ச்சியில் ஒரு ரேஸரைப் பரிசாக அனுப்பினார். அமெரிக்க ஜில்லெட் கம்பெனியார் 1961 முதல் விற்றுவந்த ‘ஸ்லிம்’ என்னும் வகை அது. அதன் அடித்தட்டில் ‘ஜே’ என்னும் ஆங்கில எழுத்தும் 2 என்னும் இலக்கமும் பொறிக்கப்பட்டுள்ளன. 1964ஆம் ஆண்டின் இரண்டாங் காற்பகுதியிற் செய்யப்பெற்றது என்பது அக்குறியின் பொருள். கைப்பிடியின் அடியிலுள்ள குமிழைத் திருகினால் தலைப்பின் மூடி இரண்டு கதவுகளாகப் பிளந்து திறக்கும். இருபுறமும் கூருள்ள பிளேடை இட்டு மறுபடியும் திருகினால், அக்கதவுகள் மூடி அதனைச் சற்றே வளைத்துப் பற்றிக்கொள்ளும். கைப்பிடியின் கழுத்தில் ஒரு வளையம். வளையத்தில் 1 முதல் 9 வரை எண்கள். எண் ஏற ஏறக் கத்தி கடுமையாகும். இறங்க இறங்க மென்மையாகும்.

எமக்கு நினைவு தெரிந்த நாளில் தந்தையார் எண் 7இல் க்ஷவரஞ் செய்துகொண்டிருந்தார். ஞாயிறன்று முகத்தைத் தொடாத காரணத்தால் திங்கட்கிழமை மட்டும் 8. கிணற்றடித் துவைகல்லின்மேல் கண்ணாடியைச் சார்த்தி வைத்து, குமிழை அரைத் திருகு தளர்த்தி, வளையத்தை எண்ணுக்குக் கொண்டுவந்து, மீண்டும் குமிழை இறுக்கிய பின்னரே சவுக்காரத்தைத் தொடுவார். “தளர்த்தாமல் வளையத்தைத் திருப்பலாகாது, தம்பி” என்பது அவர் எமக்கு உபதேசித்த முதற் பொறியியற் பாடம். எட்டு வயதில் ஒருநாள் அவர் அறியாமல் யாம் வளையத்தை 9இல் வைத்துவிட்டோம். மறுநாட் காலை அவர் மோவாயில் இரத்தம் கண்டது. அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. அன்று மாலை முதல் ரேஸர் மேல் மாடத்திற்கு இடம் மாறிற்று. ஐம்பது வயது கடந்த பின் அவர் 5க்கு இறங்கினார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 4. ஒரு மனிதனின் தோல் மூப்படையும் வரலாறு முழுவதும் அவ்வளையத்தில் எழுதப்பட்டிருந்தது என்பதை யாம் அப்போது உணர்ந்தோமல்லோம்.

அவ்வெண்கள் எதனை அளக்கின்றன என்பதை விளக்கத் தச்சரின் இழைப்புளியே ஏற்ற உவமை. இழைப்புளியின் உளி அடிக்கட்டையின் மட்டத்திற்குக் கீழே எவ்வளவு நீண்டிருக்கின்றதோ, அவ்வளவு ஆழமாக மரத்தைக் கவ்வும். உளிக்கு முன்னுள்ள வாய் எவ்வளவு அகன்றிருக்கின்றதோ, அவ்வளவு தடித்த சுருள் அதனுள் நுழையும். ரேஸரிலும் இவ்விரண்டும் உண்டு. மூடியின் விளிம்பையும் காப்புப் பட்டையின் விளிம்பையும் தொட்டுச் செல்லும் கோடு ஒன்றைக் கற்பனை செய்துகொண்டால், அக்கோடே கன்னத்தின் தோல். பிளேடின் கூர் அக்கோட்டிற்கு வெளியே எட்டிப் பார்ப்பது முனைப்பு. கூருக்கும் காப்புப் பட்டைக்கும் நடுவே உள்ள தூரம் இடைவெளி. இடைவெளியினூடே தோல் சிறிது உப்பி எழும். உப்பிய தோலை முனைப்பு சந்திக்கும். இடைவெளி குறுகினால் மயிரும் நுரையும் அடைத்துக்கொள்ளும். அகன்றால் தோல் அளவுக்கு மீறி உப்பிக் கத்திக்கு இரையாகும். எம் தந்தையாரின் ரேஸரைப் பிற்காலத்தில் யாம் ஃபீலர் கேஜ் தகடுகளால் அளந்தபோது, எண் 1இல் இடைவெளி 0.52 மி.மீ., எண் 9இல் 1.00 மி.மீ. என்று கண்டோம். ஆகவே எண்ணுக்கும் எண்ணுக்கும் உள்ள தூரம் 0.06 மி.மீ. மட்டுமே. பிளேடின் கனமோ 0.1 மி.மீ. பிளேடின் கனத்தினுள் ஓர் எண்ணையும் இன்னோர் எண்ணின் பெரும்பகுதியையும் அடக்கிவிடலாம்.

இக்கருவியின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்லல் வேண்டும். கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் 1855இற் பிறந்தவர். சோடாப் புட்டிகளுக்கு இடும் தகர மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டரின் கம்பெனியில் ஊர் ஊராய்ச் சென்று சரக்கு விற்றவர். ஒருமுறை பயன்படுத்தியபின் எறிந்துவிடத்தக்க ஒரு பொருளைக் கண்டுபிடி என்று பெயின்டர் அவருக்கு அறிவுரை கூறினாராம். 1895இல் மழுங்கிய நாட்டுக் கத்தியுடன் கண்ணாடியின் முன் நின்றபோது ஜில்லெட்டுக்கு அப்பொருள் தோன்றிற்று. யோசனை ஒரு நிமிஷத்தில் வந்தது. பொருள் வர ஆண்டுகள் சென்றன. காகிதம் போன்ற மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினமாக்கவும், நெளியாமல் வைக்கவும், கூரேற்றவும் இயலாது என்று எஃகின் இயல்பறிந்தோர் கூறிவிட்டனர். மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற வில்லியம் நிக்கர்ஸன் என்பவரே அவ்வழியைக் கண்டார். 1901இற் கம்பெனி தோன்றிற்று. 1903ஆம் ஆண்டு முழுவதும் விற்றவை 51 ரேஸர்களும் 168 பிளேடுகளுமே. 1904 நவம்பரிற் காப்புரிமை கிடைத்தது. கண்டுபிடித்தவர் பெயரை உலகம் அறியும். நிக்கர்ஸன் பெயரை அறிந்தோர் சிலரே. எம் அபிப்பிராயத்தில் இவ்வநீதி யந்திர உலகில் அடிக்கடி நிகழ்வது.

அம்முதற் கருவியே ஒருவகையில் மாற்றியமைக்கக்கூடியதுதான். மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்னும் மூன்றே உறுப்புகள். கைப்பிடியை இறுக்கினால் பிளேடு வளைந்து காப்புப் பட்டையை நெருங்கும். சற்றே தளர்த்தினால் பிளேடு நிமிர்ந்து விலகும். ஆனால் இங்கேதான் இவ்விஷயத்தின் மூல முரண்பாடு நிற்கின்றது. தளர்த்திய பிளேடு பற்றப்பட்ட பிளேடு அன்று. அது மயிரை வெட்டும்போது நடுங்கும். நடுங்கும் கூர் ஓரிடத்தில் மேலும் ஓரிடத்தில் கீழுமாய்க் கடிக்கும். அசையாமற் பற்றவேண்டும் என்பது ஒரு தேவை. அசைத்து மாற்றவேண்டும் என்பது மற்றொரு தேவை. இரண்டையும் ஒரே கட்டைவிரல் அளவான தலைப்பினுள் அடக்கவேண்டும். 1950களின் இறுதியில் வந்த ஜில்லெட் கருவிகள் இதனை ஒருவாறு தீர்த்தன. பிளேடை நடுவில் அசையாமற் பிடித்துக்கொண்டு, காப்புப் பட்டையை மட்டும் வளையத்தால் ஏற்றி இறக்கும் வழியை அவை கைக்கொண்டன. 1.95 டாலர் விலையுற்றதனால் ‘195’ என்றே பெயர் பெற்ற கருவியும், அதன் பின்வந்த எம் தந்தையாரின் ‘ஸ்லிம்’ கருவியும் அவ்வினத்தன. ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்து மெர்க்குர் கம்பெனியாரோ காப்புப் பட்டையை நிலையாக வைத்து, மூடியையும் பிளேடையும் சேர்த்து உயர்த்தும் வழியைக் கொண்டனர். கனடா நாட்டார் சிலர் அண்மைக் காலத்தில் வளையமே வேண்டாவென்று, இருபுறமும் வெவ்வேறு இடைவெளி அமைந்த மூன்று தட்டுகளைக் கொடுத்து ஆறு எண்களை உண்டாக்கினர். நோயைத் தீர்க்காமல் நோயாளியை வேறு ஊருக்கு அனுப்பியது போன்ற தந்திரம் அது என்று முதலில் எள்ளினோம். பின்னர் அவர்களே புத்திசாலிகள் என்று ஒப்புக்கொள்ளும் நிலை எமக்கு வந்தது.

2021ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் தந்தையார்க்குப் பக்கவாதம் கண்டது. வலக்கை விழுந்தது; வாய் குழறிற்று. மருத்துவர் இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுத்து, சிறு காயமும் ஆகாது என்று எச்சரித்தார். வீடு தேடி வந்து முடிதிருத்தும் பெரியவரும் அதற்கு முன்பே தொழிலை விட்டிருந்தார். மின்சார ரேஸர் ஒன்றை வாங்கினோம். அதன் இரைச்சலைக் கேட்டதும் தந்தையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிளாஸ்டிக் ரேஸர் மூன்று நாள் வளர்ந்த மயிரில் அடைத்துக்கொண்டு இழுத்தது. ஒருநாள் அவர் இடக்கையால் மேல் மாடத்தைச் சுட்டினார். யாம் அப்பழைய ரேஸரை எடுத்து, வளையத்தை எண் 2இல் வைத்து, எம் வாழ்நாளில் முதன்முறையாகத் தந்தையாரின் முகத்திற்குச் சவுக்கார நுரை இட்டோம். மகன் தந்தைக்கு முகம் மழிப்பது எத்தகைய அநுபவம் என்பதை விவரிக்க எமக்குச் சொல் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் குறிக்கின்றோம்.

எட்டு மாதங்கள் அவ்வாறு நடந்தன. ஒருநாள் ஈரக்கையிலிருந்து ரேஸர் நழுவிக் குளியலறைக் கல்லில் தலைகீழாய் விழுந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் இடக்கன்னத்தை மழித்து முடித்து, ரேஸரை மறுபுறம் திருப்பி வலத் தாடையில் வைத்தோம். அதே எண் 2, அதே கை, அதே சாய்வு. தாடையெலும்பின் வளைவில் ஓர் அங்குல நீளத்திற்குத் தோல் திறந்துகொண்டது. மருந்தின் காரணமாக இரத்தம் முக்கால் மணி நேரம் நிற்கவில்லை. துணியை அழுத்திப் பிடித்திருந்த எம் கையின்மேல் தந்தையார் தம் இடக்கையை வைத்து, “ஒன்றுமில்லை, தம்பி” என்று குழறினார். அன்றிரவு பூதக்கண்ணாடியும் ஃபீலர் கேஜுமாய் உட்கார்ந்து பார்த்தபோது உண்மை வெளியாயிற்று. கதவு ஒன்று மயிரிழை அளவு தூக்கிக்கொண்டிருந்தது. நல்ல பக்கத்தில் இடைவெளி 0.58, கெட்ட பக்கத்தில் 0.75. அதாவது வளையம் 2 என்று சொல்லிக்கொண்டிருக்க, வலத் தாடையில் ஏறக்குறைய எண் 5 ஓடியிருக்கின்றது.

புதிய ரேஸர் ஒன்றைத் தருவித்தோம். செய்தவர் பெயர் வேண்டுவதில்லை. பார்வைக்கு மிக அழகு. எண்வளையம் மணி போல் சுழன்றது. அளந்து பார்த்தால், ஒரே எண்ணில் இருபுறத்து இடைவெளிகளும் ஒன்றோடொன்று 0.1 மி.மீ. மாறுபட்டன. அதனைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, ‘இத்துணைச் சிறிய கருவியை நாமே செய்துகொண்டால் என்ன?’ என்னும் எண்ணத்திற்கு இடங்கொடுத்தோம். பௌதிக ஆசிரியர்க்கு இயல்பான அகங்காரம் அது. கோயம்புத்தூர்க் கணபதிப் பகுதியில் எம் பழைய நண்பர் ஒருவர் சிறு லேத்துப் பட்டறை வைத்திருக்கின்றார். பம்புகளுக்குத் தண்டு கடைவது அவர் தொழில். தந்தையாரின் ரேஸரை அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்த பின், “சார், இது கத்தி இல்லை, பூட்டு” என்றார். வளைந்த கதவை நிமிர்த்த மட்டும் அவர் இசையவில்லை. அறுபது ஆண்டுப் பித்தளையை ஒருமுறை வளைத்தாயிற்று, மறுமுறை வளைத்தால் முறியும் என்றார்.

முதல் முயற்சியை ஒரு பத்தியிலேயே முடித்துவிடலாம். மூன்று உறுப்புக் கருவியில் கைப்பிடியைத் தளர்த்தி, தளர்ந்த நிலையில் நிறுத்த ஒரு பூட்டுத் திருகு வைத்தோம். மேலே சொன்ன முரண்பாட்டை அறிந்தும் அறியாதார்போல் செய்த வேலை அது. எம் கன்னத்திலேயே சோதித்தோம். பிளேடு வீணைத் தந்தி போல் ஒலித்தது. மறுநாள் வகுப்பிற்கு மூன்று ஒட்டுகளுடன் சென்றோம். மாணாக்கர் காரணம் கேட்கவில்லை. அவர்களுடைய நாகரிகத்திற்கு இவ்விடத்தில் நன்றி கூறுகின்றோம்.

இரண்டாம் முயற்சியே எமக்கு ஆசானாயிற்று. அமெரிக்கர் வழியைப் பின்பற்றி, பிளேடை நடுவே நிலையாகப் பிடித்து, காப்புத் தட்டை வளையத்தால் ஏற்றி இறக்க எண்ணினோம். மரையின் புரியிடைத் தூரம் 0.8 மி.மீ. எனக் கொண்டோம். வளையம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் தட்டு 0.8 மி.மீ. நகரும். எமக்கு வேண்டிய மொத்த நகர்ச்சி 0.48, ஆகவே எண்ணுக்கு எண் 27 பாகைத் திருப்பம். காகிதத்தில் அழகாய் அமைந்தது. பித்தளையிற் கடைந்து அளந்தபோது, 6இலிருந்து 5க்கு இறங்கினால் ஓர் இடைவெளியும், 4இலிருந்து 5க்கு ஏறினால் வேறோர் இடைவெளியும் வந்தன. வித்தியாசம் 0.06, சரியாக ஓர் எண். எந்த மரையும் சுழலவேண்டுமாயின் புரிகளுக்கிடையே சிறிது வெற்றிடம் வேண்டும். அவ்வெற்றிடமே பட்டறையார் ‘ஆட்டம்’ என்று வழங்குவது. அதனை நீக்க, தட்டை எப்போதும் ஒரே பக்கமாய்த் தள்ளிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் ஒன்றை உள்ளே வைத்தோம். வலிய ஸ்பிரிங் வைத்தால் சவுக்கார ஈரத்தில் வளையம் விரலுக்கு அடங்கவில்லை. மெலியது வைத்தால் கன்னத்தின் அழுத்தத்திற்கே தட்டு பணிந்தது. நான்கு ஸ்பிரிங்குகளுக்குப் பின் ஒருவாறு நடுவழி கிடைத்தது.

அதன்பின் சாய்வு. தட்டு நடுத்தண்டின்மேல் ஏறி இறங்க, துளைக்கும் தண்டுக்கும் இடையே 0.05 மி.மீ. இடம் விட்டிருந்தோம். அதனினும் குறைத்தால் சவுக்காரப் பசையே அதனை இறுக்கிவிடும். துளையின் நீளம் 6 மி.மீ. ஆறு மி.மீ. நீளத்தில் 0.05 சாய்வு என்பது 120இல் ஒன்று. பிளேடின் அகலம் 22 மி.மீ.; நடுவிலிருந்து கூர்வரை 11. ஆகவே ஒரு பக்கம் 0.09 மி.மீ. உயர, மறுபக்கம் அவ்வளவே தாழும். இருபுறத்திற்கும் வேறுபாடு 0.18, மூன்று எண்கள்! பார்வைக்குப் புலப்படாத ஒரு துளையின் தளர்ச்சி, தலைப்பின் அகலத்தாற் பெருக்கப்பட்டு, தோலுக்கு வந்து சேரும்போது காயமாகின்றது. துளையை நீட்டினால் சாய்வு குறையும். ஆனால் கழுத்து பருத்து, அதனுள்ளே ஸ்பிரிங்கிற்கும் திருகுதண்டிற்கும் இடமின்றிப் போம். நண்பரும் யாமும் மூன்று வாரம் இவ்வரை அங்குல நிலத்திற்காக வழக்காடினோம். கடைசியில் துளை 14 மி.மீ. நீண்டது, சாய்வின் வேறுபாடு 0.08க்கு இறங்கிற்று. ரேஸரும் சிறு உலக்கை போலாயிற்று.

அவ்வளவில் நின்றிருக்கலாம். பித்தளை பச்சை பிடிக்குமே என்று நிக்கல் முலாம் பூச அனுப்பியது எம் குற்றம். முலாம் பூசுவோரிடம் எவ்விடத்தில் எவ்வளவு கனம் என்று யாம் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்பதே எமக்குத் தெரியாது. திரும்பி வந்த கருவி வெள்ளி போல் மின்னிற்று, வளையமோ அசையவில்லை. கணக்கிட்டுப் பார்த்தோம். 60 பாகைக் கோணமுள்ள மரையின் சரிவுகளில் 0.01 மி.மீ. முலாம் ஏறினால், அம்மரையின் பொருத்தவிட்டம் அதனைப்போல் நான்கு மடங்கு, அதாவது 0.04 மி.மீ., மாறிவிடும். ஆண் மரை, பெண் மரை இரண்டிலும் ஏறினால் 0.08. யாம் விட்டிருந்த இடமோ 0.05. போதாக்குறைக்கு, மின்சாரம் மூலைமுடுக்குகளையே விரும்பிச் செல்வதால் விளிம்புகளில் முலாம் தடித்தும் குழிகளில் மெலிந்தும் படிந்திருந்தது. கடைசல்காரர் சிரிக்கவில்லை. “முலாமுக்கு இடம் விட்டுக் கடையணும் சார். என்னிடம் சொல்லாமல் அனுப்பிவிட்டீர்களே” என்றார். இலட்சக்கணக்கான கருவிகளை முலாமிட்டும் ஒவ்வொன்றின் வளையமும் சுழலும்படி அமைத்த அப்பழைய தொழிற்சாலையாரை அன்றுதான் யாம் மனமார வணங்கினோம். அவர்கள் அதனை இரண்டு டாலருக்குக் குறைந்த விலைக்கு விற்றார்கள் என்பது இன்றும் எமக்கு நம்புதற்கரிதாயிருக்கின்றது.

முலாமே வேண்டாவென்று மூன்றாம் முயற்சியில் துருவேறா எஃகைக் கையாண்டோம். கடையும் உளிகள் மழுங்கின. பட்டறையின் வேறு வேலைகள் தாமதப்பட்டன. நண்பர் ஒருசொல்லும் சொல்லாமல் செய்து கொடுத்தார். முதல் நாள் வளையம் தேன் போல் சுழன்றது. இரண்டாம் நாட் காலை வெந்நீரிற் கழுவித் திருப்பியபோது கிறீச்சென்று ஒலித்து அப்படியே நின்றுவிட்டது. ஒரே இனத்து எவர்சில்வர் மரைகள் ஒன்றோடொன்று அழுந்தி உராய்ந்தால், மேற்படலம் கிழிந்து, இரண்டும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையன. எண்ணெய் இருந்தால் தவிர்க்கலாம். நாள்தோறும் சவுக்காரமும் வெந்நீரும் படும் கருவியில் எண்ணெய் எத்தனை நாள் நிற்கும்? வளையத்திற்கு மட்டும் வெண்கலம் வைத்திருந்தால் பிழைத்திருப்போம் என்று நண்பர் பின்னர்ச் சொன்னார். அறுத்துத்தான் அதனைப் பிரிக்க முடிந்தது.

இவ்வளவும் நடந்து முடிய ஏறக்குறைய எட்டு மாதங்கள். அதற்குள் தந்தையாரின் முகத்தில் வெண்தாடி வளர்ந்துவிட்டது. கத்தரிக்கோலால் குறைத்துக்கொண்டு வந்தோம். அவர் கண்ணாடி கேட்பதை நிறுத்தியிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து வெறுங்கையோடு திரும்பும் ஒவ்வொரு முறையும் எம் தாயார், “கிடைத்ததா?” என்று கேட்பார், தந்தையார் கேட்கமாட்டார். மேலே எழுதிய கணக்குகளையெல்லாம் விட அவர் கேளாமையே எமக்குப் பாரமாயிருந்தது.

தீர்வைச் சொன்னவர் கடைசல்காரரே. “பெரியவருக்கு எத்தனை எண் வேண்டும்?” என்றார். “இரண்டு” என்றோம். “அப்படியானால் மற்ற எட்டு எண்ணும் எதற்கு சார்?” என்றார். கனடா நாட்டாரை எள்ளிய எமக்கு அப்போதுதான் அவர்களுடைய யுக்தி விளங்கிற்று. மூடி, தட்டு, கைப்பிடி: மூன்றே உறுப்புகள், ஒரே திருகு, முலாமற்ற பித்தளை. ஸ்பிரிங் இல்லை, வளையம் இல்லை, ஏறி இறங்குவது ஒன்றுமில்லை. தட்டை ஒரே பிடிப்பிற் கழற்றாமல் இருபுறமும் சீவியதால், இரண்டு இடைவெளிகளும் 0.58க்கு 0.02 மி.மீ. உள்ளாகவே வந்தன. ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. பிளேடு பக்கவாட்டில் நகராதபடி இரண்டு முளைகளை அமைப்பதில் மட்டும் சிறிது தொல்லை. எம்மிடமிருந்த பிளேடுகளின் துளைகள் கம்பெனிக்குக் கம்பெனி சற்றே வேறுபட்டமையால், ஒரு கம்பெனியைத் தேர்ந்து அதற்கேற்ப முளைகளை அரத்தால் தேய்த்தோம். முதல் இருபது நாள் எம் கன்னத்தில் ஓட்டினோம். பின்னரே தந்தையாரிடம் கொண்டுசென்றோம்.

அவர் அதனை இடக்கையில் வாங்கினார். கட்டைவிரல் கழுத்தைத் தடவிற்று, மறுபடியும் தடவிற்று. யாம் புரிந்துகொண்டோம். அவர் வளையத்தைத் தேடினார். “எண் எங்கே?” என்றார். பல நாட்களுக்குப் பின் அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த சொற்கள் அவையே. மறுவாரமே அதனைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று, கழுத்தில் 2 என்று ஆழமாகப் பொறித்து வந்தோம். அதன்பின் அவர் ஒவ்வொரு காலையும் கட்டைவிரலால் அவ்வெண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டே கண்ணை மூடிக்கொள்வார். பித்தளை கறுக்கும்போது எம் தாயார் புளியிட்டுத் துலக்கிவைப்பார். குத்துவிளக்கோடு அதுவும் வெயிலிற் காயும்.

2023ஆம் ஆண்டு தை மாதத்தில் எம் மகளுக்குத் திருமணம். அன்று விடியற்காலை நுரையிட யாம் உட்கார்ந்தபோது, தந்தையார் விரல்கள் ஐந்தையும் விரித்துக் காட்டி, “இன்று ஐந்து வை” என்றார். திருமண வீட்டில் முகம் பளிச்சென்றிருக்க வேண்டுமல்லவா! எமக்கு என்ன செய்வதென்று தோன்றவில்லை. இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. பயன்படுத்திய பழைய பிளேடு ஒன்றின் இரு கூர்களையும் கத்தரியால் வெட்டி எறிந்து, எஞ்சிய தகட்டைப் புதிய பிளேடின் அடியில் வைத்துப் பூட்டினோம். பிளேடு ஒரு தகட்டின் கனம், அதாவது 0.1 மி.மீ., உயர்ந்தது. அவர் காணும்படி கைப்பிடியைச் சற்றே தளர்த்தி மறுபடியும் இறுக்கிவிட்டு, மூச்சையடக்கி மழித்தோம். ஒரு துளி இரத்தமும் இல்லை.

அவர் இடக்கையால் கன்னத்தை மேலும் கீழும் தடவினார். “இது ஐந்து இல்லை, தம்பி” என்றார். “பின் எத்தனை, அப்பா?” என்றோம். சிறிது யோசித்து, “மூன்றரை” என்றார்.

பந்தியெல்லாம் முடிந்து ஓய்ந்த அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தோம். எண்ணுக்கு எண் 0.06, தகட்டின் கனம் 0.1; பங்கிட்டால் 1.67. இரண்டோடு கூட்டினால் 3.67. மறுநாட் காலை அவர் கட்டிலருகே சென்று, “மூன்று புள்ளி ஆறு ஏழு, அப்பா” என்று அறிவித்தோம். அவர் கன்னத்தை மறுபடியும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, “மூன்றரை” என்றார்.